சிடி, டிவிடிகளுக்கு விரலால் அறியும் அடையாளம்: கோளாறு வாரியாகத் தீர்வுகள்

எனக்குப் பார்வை இல்லை. என்னிடம் 300க்கு மேல் சிடிகளும் டிவிடிகளும் இருக்கின்றன. அவற்றில் பாதி, கல்லூரி நாட்களில் தன்னார்வலர்கள் எனக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தவை. கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாதவை. கண் உள்ளவர்கள் மார்க்கர் பேனாவால் மேலே எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். விரலுக்கு எல்லா வட்டும் ஒரே வழவழப்புதான்.

பல வருடங்களாகப் பலவிதமாக அடையாளம் வைத்துப் பார்த்து, சில வட்டுகளைக் கெடுத்தும் இருக்கிறேன். இப்போது நான் பின்பற்றுவது இது: வட்டின் உடம்பில் முடிந்தவரை எதையும் ஒட்டுவதில்லை. உறையில் ஒரு எண், வட்டுக்குள்ளேயே அதன் பெயரைச் சொல்லும் ஒரு குரல், கணினியில் ஒரு பட்டியல். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வழக்கத்தை விட்டு விலகியதால் வந்தவை. உங்களுக்கு எது நேர்ந்திருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

எது மேல்பக்கம் என்று தெரியவில்லை

நடுத்துளையைச் சுற்றி விரல் நுனியால் ஒரு சுற்று வாருங்கள். பெரும்பாலான வட்டுகளில், துளையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிய வரம்பு ஒன்று வட்டமாக எழும்பி நிற்கும். அடுக்கி வைக்கும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வைத்தது. அந்த வரம்பு இருப்பது அடிப்பக்கம். அது ட்ரேயைப் பார்த்துப் போக வேண்டும். வரம்பு பிடிபடாவிட்டால் நகத்தால் சுரண்ட வேண்டாம், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் மெல்லத் தடவுங்கள். அச்சடித்த பக்கம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது இருபக்க டிவிடியாக இருக்கலாம். அதற்கு மேல்பக்கம் என்று ஒன்று கிடையாது, அடையாளத்தை உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரெயில் ஒட்டியபின் கருவி இரைகிறது, உதறுகிறது, பாட்டு நடுவில் தாவுகிறது

எனக்கு அதிகம் நேர்ந்தது இதுதான். காரணம் தெரிந்துகொண்டால் மற்ற பல கோளாறுகளும் புரிந்துவிடும்.

சிடி 120 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன். பாட்டு கேட்கும்போது நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று சுற்றும். கணினியில் 52 மடங்கு வேகம் என்று போட்டிருக்கும் டிரைவில் அது ஏறத்தாழ 10,000 சுற்றுக்குப் போகும். அந்த வேகத்தில் ஒரு ஓரத்தில் ஒட்டிய சின்ன டைமோ டேப் (பிரெயில் குத்தி ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை) துண்டுகூட வட்டை ஒரு பக்கமாக இழுக்கும். அந்த உதறல்தான் சத்தமாக வருகிறது. லேசரும் தடத்தைத் தவறவிடுகிறது.

முதலில் அதே வட்டைச் சாதாரண ப்ளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக ஓடி, கணினியில் மட்டும் உதறினால் எடைச் சமநிலைதான் கோளாறு. அங்கேயும் ஓடாவிட்டால் டேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பாருங்கள். நடுத்துளை 15 மி.மீ. அகலம். அதைச் சுற்றி 26 மி.மீ. முதல் 33 மி.மீ. வரை உள்ள வளையத்தைத்தான் கருவி கவ்விப் பிடிக்கிறது. அந்த இடத்தில் டேப் இருந்தால் வட்டு சாய்ந்து உட்காரும், சுற்றும்போது மேலும் கீழும் ஆடும். தகவல் பகுதி 46 மி.மீ. விட்டத்தில் தொடங்குகிறது. ஆக, நடுவே மிஞ்சுவது ஆறரை மி.மீ. அகலமுள்ள ஒரு வளையம் மட்டும். ஒரு வரி பிரெயில் அதில் நெருக்கித்தான் அடங்கும்.

வட்டின் மேல் ஏதாவது ஒட்டியே தீர வேண்டும் என்றால் அந்தச் சின்ன வளையத்தில் இரண்டு, மூன்று பிரெயில் கட்டம் மட்டும். மெல்லிய ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் குத்தி, ஓரங்களை நறுக்கி ஒட்டுங்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்கு வெற்றுத் துண்டு ஒன்று ஒட்டுங்கள், எடை சமமாகிவிடும். முழு வட்டமாக, நடுவில் துளையோடு வரும் ஒளிபுகும் ஒட்டுத்தாளில் பிரெயில் குத்தி ஒட்டுகிறவர்களும் உண்டு. சமநிலையைப் பொறுத்தவரை துண்டு டேப்பைவிட அது மேல். ஆனால் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் பழைய கதைதான்.

மடிக்கணினி டிரைவுக்கும், வட்டை வாய்வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் கார் ப்ளேயருக்கும் எதுவும் ஒட்டாத வட்டு மட்டும்தான். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

ஒட்டியது உரிந்து உள்ளே மாட்டிக்கொண்டது

ஓடும் கருவியின் உள்ளே சூடு. நம் ஊர் வெயிலில் வெளியேயும் சூடு. பசை இளகி டேப்பின் முனை எழும்பிவிடும். ட்ரே திறக்கவில்லை என்றால் கருவியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். கணினி டிரைவின் முகப்பில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் அளவில் ஒரு ஊசித்துளை இருக்கும். நிமிர்த்திய காகிதக் கிளிப்பை நேராக உள்ளே அழுத்தினால் ட்ரே கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். கார் ப்ளேயராக இருந்தால் குத்திப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

வட்டு வெளியே வந்ததும் பாதி உரிந்த டேப்பை முழுவதும் உரித்துவிடக் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். நான் உரித்தேன். அதில் இருந்தது இரண்டாம் ஆண்டு வரலாற்றுப் பாடம். விடுமுறை நாட்களில் எங்கள் விடுதிக்கு வந்து வாசித்துக் கொடுத்த ஓர் அக்காவின் குரல். டேப்போடு சேர்ந்து ஒரு பொருக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த வட்டைப் படிக்கும் கருவி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்றால், சிடியில் தகவல் இருப்பது மேல்பக்கத்துக்குச் சற்று அடியில்தான். லேசர் கீழிருந்து பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போய், மேலே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. அந்தப் பூச்சுக்குக் காப்பு, மேலே தடவிய ஒரு மெல்லிய அரக்குப் பூச்சும் அச்சும் மட்டும். டேப்பை இழுத்தால் அவை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். டிவிடி வேறு மாதிரி. 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருக்கிறார்கள். அதனால் மேல்பக்கக் கீறலை அது கொஞ்சம் தாங்கும்.

சிடியின் மேல் நேராக ஸ்டைலஸால் (பிரெயில் குத்தும் ஊசி) பிரெயில் குத்தலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. குத்துகிற ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பூச்சில் விழுகிற ஓட்டை. நகப்பூச்சில் துளி வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள கரைப்பான் வட்டின் பாலிகார்பனேட்டைத் தின்னக்கூடியது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003ல் வெளியிட்ட வட்டுப் பராமரிப்பு வழிகாட்டியும் நெடுநாள் வைத்திருக்க வேண்டிய வட்டுகளில் ஒட்டுத்தாள் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

ஆகவே உரியத் தொடங்கிய டேப்பை விரலால் அழுத்தி மூடி, அந்த வட்டு இன்னும் ஒரு தடவை ஓடுமா என்று பாருங்கள். ஓடினால் அப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.

குத்தியது ஒன்று, விரலில் படுவது வேறு

வட்டுக்குத் தலை எது, கால் எது? அது தெரியாததால் வரும் குழப்பம் இது. நீளமான சொல்லாக இருந்தால் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று உடனே பிடிபட்டுவிடும். ஓர் எழுத்து மட்டும் வைத்தால் மாட்டிக்கொள்வோம். பிரெயில் கட்டத்தில் ஆறு புள்ளி: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. அதை அரைவட்டம் திருப்பினால் 1ஆம் புள்ளி 6ஆகும், 2 என்பது 5ஆகும், 3 என்பது 4ஆகும். நம் எழுத்தில் இதன் விளைவைப் பாருங்கள். ‘ல’ 1-2-3, திருப்பினால் 4-5-6, அது ‘ள’. ‘இ’ 2-4, திருப்பினால் 3-5, ‘ஈ’. ‘ஏ’ திரும்பினால் ‘எ’ ஆகிறது, ‘ஓ’ திரும்பினால் ‘ஔ’ ஆகிறது. எல்லாமே ஒழுங்கான எழுத்துகள் என்பதால் தப்பு என்றே விரலுக்குத் தோன்றாது. ‘இ’ என்று இசைக்கும் ‘ஈ’ என்று ஈழத்துக் கவிதைகளுக்கும் அடையாளம் வைத்திருந்த நான், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்.

தீர்வு எளிது. எழுத்தின் அடி எப்போதும் நடுத்துளையைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். துளையைத் தன் பக்கமாக வைத்துப் படித்தால் எல்லா வட்டும் நேராக இருக்கும். உறையில் ஒட்டும்போது திறக்கும் வாய் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண் குத்துகிறீர்களா? எண் குறியை, அதாவது 3-4-5-6ஐ, விட்டுவிடாதீர்கள். இடம் மிச்சமாகும் என்று விட்டால் 1 ‘அ’ ஆகும், 3 ‘ச’ ஆகும், 5 ‘ஏ’ ஆகும், 9 ‘இ’ ஆகும்.

இன்னொன்று, வீட்டில் கண் உள்ளவர் உதவிக்குக் குத்தித் தரும்போது வருவது. ஸ்லேட்டில், அதாவது தாளைப் பிடித்துப் பிரெயில் குத்தும் சட்டத்தில், வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தாளைத் திருப்பினால் கண்ணாடிப் பிம்பமாக வரும். ‘இ’ குத்தினால் ‘ஏ’ படிக்கும். ஒட்டும் தாளாக இருந்தால் பின்காகிதம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி ஸ்லேட்டில் வைக்கச் சொல்லுங்கள். மாற்றி வைத்தால் புள்ளி பசைப் பக்கம் எழும்பி, மேலே பள்ளம்தான் மிஞ்சும்.

புள்ளிகள் அமுங்கிப்போய்விட்டன

காகிதத்தில் குத்தியிருந்தால் இது நிச்சயம் நடக்கும். ஆல்பத்தில் நெருக்கி அடுக்கினாலே போதும். கை வியர்வை பட்டால் இன்னும் சீக்கிரம். டைமோ டேப்போ கெட்டியான பிளாஸ்டிக் தாளோ பல வருடம் தாங்கும். நான் இப்போது செய்வது வேறு. பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை உறையைவிட ஒரு விரற்கடை உயரமாக நறுக்கி, அதன் தலையில் எண்ணை டைமோ டேப்பில் ஒட்டி, உறைக்குள் வட்டுக்குப் பின்னால் செருகிவிடுகிறேன். நீட்டிக்கொண்டிருக்கும் தலைகளை வரிசையாகத் தடவிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு உறையையும் வெளியே இழுக்க வேண்டியதில்லை. அடுக்கும்போது அட்டையின் தலை எதிலும் அமுங்காது.

பிரெயில் தெரியாதவர்களுக்கும், பிற்காலத்தில் பார்வை போய் விரல் இன்னும் பழகாதவர்களுக்கும் நூல்கட்டு போதும். பாட்டுக்கு ஒரு கட்டு, படத்துக்கு இரண்டு, பாடத்துக்கு மூன்று. ரப்பர் பேண்ட் வேண்டாம். கோடையில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்கிறது. துணி சுற்றிய ஹேர் பேண்ட் நன்றாக உழைக்கிறது.

ஒலிப்பேனா பேசவில்லை, அல்லது தவறான பெயரைச் சொல்கிறது

பிரிட்டனில் பார்வையற்றோருக்கான ஆர்என்ஐபி அமைப்பு 2009ல் கொண்டுவந்த பென்ஃபிரண்ட் போன்ற பேனாக்களைச் சொல்கிறேன். ஸ்டிக்கரை ஒட்டி, பேனாவை அதில் வைத்து நம் குரலில் பெயரைப் பதிந்துவிட்டால், அடுத்த முறை தொட்டதும் அதைச் சொல்லும். ஸ்டிக்கரில் குரல் இல்லை. கண்ணுக்கே எளிதில் தெரியாத நுண்புள்ளிகளாக ஒரு குறியீடு மட்டும் இருக்கிறது. குரல் பேனாவின் நினைவகத்தில் இருக்கிறது.

பேசாவிட்டால் பேனாவைச் சாய்க்காமல் நேராக வைத்துப் பாருங்கள். ஸ்டிக்கரைத் துடைத்துப் பாருங்கள். யாராவது அதன் மேல் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மை புள்ளிகளை மூடியிருக்கும். தவறான பெயர் வந்தால், கேட்கப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தி முந்தைய குரலை அழித்திருக்கிறீர்கள் என்று பொருள். திரும்பப் பதிவதைத் தவிர வழியில்லை. பேனா தொலைந்தால் ஸ்டிக்கர்கள் அத்தனையும் ஊமையாகிவிடும். மாதம் ஒருமுறை அதைக் கணினியில் சொருகி உள்ளே இருப்பதை நகல் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கரை உறையில்தான் ஒட்ட வேண்டும் என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

போன் என்எஃப்சி சில்லைக் கண்டுகொள்ளவில்லை

என்எஃப்சி சில்லு என்பது போனை அருகில் கொண்டுபோனதும் தன்னில் எழுதியிருப்பதைத் தரும் சின்ன ஒட்டுவில்லை. அதை வட்டின் மேலோ, வட்டு இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயோ ஒட்டியிருப்பீர்கள். வட்டுக்குள் இருக்கும் உலோகப் பூச்சு சில்லின் அலையைக் கெடுக்கிறது. டிவிடி பெட்டி 190 மி.மீ. உயரம், வட்டு 120 மி.மீ.தான். பெட்டியின் தலைப்பக்கமோ அடிப்பக்கமோ வட்டு இல்லாத இடம் தாராளமாக இருக்கிறது, அங்கே ஒட்டுங்கள். ஆண்ட்ராய்டு போனில் திரை பூட்டியிருந்தால் சில்லு படிக்காது. பூட்டைத் திறந்து, போனின் முதுகை மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் இடம் போதவில்லை. விலை குறைந்த என்டேக்213 சில்லில் 144 பைட்தான். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும், புள்ளி, கொம்பு, கால் என ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியே 3 பைட் போகிறது. எண்ணை மட்டும் எழுதி, விவரத்தைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் கேமரா குழறிக் குழறி வாசிக்கிறது

கேமராவில் படும் எழுத்தை வாசித்துச் சொல்லும் சீயிங் ஏஐ, லுக்அவுட் போன்ற செயலிகளால் பளபளப்பான வட்டைப் படிப்பது கடினம். எழுத்தும் பெரும்பாலும் துளையைச் சுற்றி வளைந்து ஓடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வட்டை விட்டுப் பெட்டியின் பின்னட்டையைக் காட்டுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தன்னார்வலரை வீடியோவில் அழைக்கும் பீ மை ஐஸ் செயலி வழியாக ஒரு மனிதரின் கண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கணினியில் போட்டால் வெறும் தேதியை மட்டும் சொல்கிறது

விண்டோஸில் வட்டு எழுதத் தொடங்கும்போது தலைப்புக் கேட்கும். நாம் எதுவும் தராமல் என்டர் தட்டினால் அன்றைய தேதியே பெயராகிவிடும். எழுதி மூடிய பிறகு அதை மாற்ற முடியாது. உள்ளே இருப்பதை நகல் எடுத்து, தலைப்புக் கொடுத்துப் புதிய வட்டில் எழுதுவதுதான் வழி. அடுத்த முறை அந்தக் கட்டத்தில் நிதானமாகப் பெயர் தட்டுங்கள். என்விடிஏ அதை வாசிக்கும், இலவசத் திரைவாசிப்பான்தான், அதன் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. தலைப்பு 16 குறிக்குள் அடங்கட்டும். ‘கச்சேரி’ என்பதே 7 குறி. ‘017 கச்சேரி’ என்பது போல எண்ணை முன்னால் வைத்துவிட்டால் பின்பகுதி வெட்டுப்பட்டாலும் கவலையில்லை.

வட்டுக்குள் குரல் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்கும் மேலானது. ஒலி சிடியாக எழுதும்போது முதல் தடமாக உங்கள் குரலிலேயே “17, மார்கழிக் கச்சேரி, அத்தை வீட்டில் பதிந்தது” என்று சொல்லிச் சேர்த்துவிடுங்கள். ஒரு தடம் 4 நொடிக்குக் குறையக் கூடாது, மொத்தம் 99 தடத்துக்கு மேல் போகாது. இரண்டையும் மனதில் வைத்தால் போதும். எம்பி3 வட்டாக இருந்தால் அந்தக் கோப்புக்கு 000 என்று தொடங்கும் பெயர் வையுங்கள், பெரும்பாலான ப்ளேயர்கள் அதைத்தான் முதலில் பாடும். டெய்சி (பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவம்) நூல் வட்டுக்கு இந்த வேலையே இல்லை. டெய்சி ப்ளேயரில் போட்டதும் நூலின் பெயரைத் தானே சொல்லும்.

உறை ஒன்று, உள்ளே இருக்கும் வட்டு வேறு

அடையாளம் எல்லாம் சரியாக இருந்தும் தோற்றுப்போகும் இடம் இது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: வட்டு ப்ளேயருக்குள் இருக்கும்வரை அதன் காலி உறை ப்ளேயரின் தலையில் இருக்க வேண்டும். அடுத்த வட்டைப் போட வருகிறவர் முதலில் அந்த உறையை நிரப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு முதல் தடத்தைக் கேட்டு உறைக்கு அனுப்புங்கள். குரல் பதித்த வட்டு என்றால் ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகாது.

பெயரே இல்லாத பழைய குவியல்

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பத்துப் பத்தாக எடுங்கள். பொருளைப் பற்றி யோசிக்காமல், கையில் வந்த வரிசையில் எண் போட்டு உறையில் செருகுங்கள். பிறகு ப்ளேயரில் போட்டு, கேட்டதைப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள்: “41, ஆண் குரல், பொருளாதாரப் பாடம், அலகு மூன்று.” இரவில் அதைக் கேட்டுக் கணினிப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

ஓடாத வட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மென்மையான பஞ்சுத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடிவிடும். பிறகு வேறு டிரைவில் முயலுங்கள். ஒரு கருவி கைவிட்டதை இன்னொன்று படிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் ஆகாதவற்றுக்குத் தனிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வரலாற்றுப் பாட வட்டும் அதில்தான் இருக்கிறது. யாராவது புதிய டிரைவ் வாங்கினால் அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.